வயல் மனையாகும்போது ஈடு செய்வது எப்படி: காவிரி டெல்டாவுக்கான முழு வழிகாட்டி

வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரில், சாலையோரத்துப் பத்து ஏக்கர் நஞ்சையை மனைப்பிரிவாக்க மூன்றடி உயரத்துக்குச் சவுடு மண் கொட்டினார்கள். நிலத்தின் குறுக்கே ஆறடி அகலமும் மூன்றடி ஆழமுமாக ஒரு வடிகால் ஓடியது. அதை மூடிவிடவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் குழாயைப் புதைத்து, மேலே சாலை போட்டார்கள். பழைய வடிகாலின் குறுக்குப் பரப்பு 18 சதுர அடி. குழாயின் பரப்போ 3 சதுர அடிக்குச் சற்றே அதிகம். அந்த ஐப்பசி மழையில் மனைகளில் ஒரு சொட்டு நீரும் நிற்கவில்லை. மேற்கே இருந்த வயல்களில் எட்டு நாள் நின்றது, நட்டு இருபது நாளான தாளடிப் பயிர் வேரோடு அழுகியது. மனை போட்டவர்கள் உட்சாலைகளின் இருபுறமும் இருநூறு புங்கங்கன்றுகளை நட்டு, இயற்கைக்கு ஈடு செய்துவிட்டதாகப் பலகையும் வைத்திருந்தார்கள். கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அந்த ஊர் இழந்தது தண்ணீர் நிற்கும் இடத்தையும் அது போகும் வழியையும். அவற்றை எந்தப் புங்கமரமும் திருப்பித் தராது.

நில மேம்பாட்டால் வரும் சேதத்துக்குச் சந்தை வழியில் ஈடு தேடும் முறைகள் உலகில் பல உண்டு. அவற்றை டெல்டாவில் எப்படிப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை, ஊராட்சி உறுப்பினர், பாசனச் சங்கத்தார், நிலம் கொடுப்பவர், மனை போடுபவர் ஆகிய நால்வரும் ஒரே தாளை வைத்துப் பேசும்படி படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

சந்தை வழி என்பது என்ன

ஒருவர் ஓரிடத்தில் இயற்கையைச் சிதைக்கிறார். இன்னொருவர் வேறோர் இடத்தில் அதே வகை இயற்கையைச் சீராக்கி, அந்தச் சீர்திருத்தத்தை அலகுகளாக அளந்து வைத்திருக்கிறார். சிதைப்பவர் தம் இழப்புக்குச் சமமான அலகுகளை விலைக்கு வாங்குகிறார். அடிப்படை இவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்கீழ், சதுப்பு நிலத்தை நிரப்ப அனுமதி கேட்பவர் அந்த இழப்பை ஈடு செய்ய வேண்டும். 2008-இல் வந்த விதி, ஏற்கெனவே சீராக்கப்பட்டு அளக்கப்பட்ட ஈட்டு வங்கிகளுக்கு முதலிடம் தந்தது. ஈட்டுக்குப் பதிலாக ஒரு நிதியில் பணம் கட்டுவதை இரண்டாவதாகவும், அனுமதி பெற்றவரே ஈட்டைச் செய்துகொள்வதைக் கடைசியாகவும் வைத்தது. ஜெர்மனியில் 1976 முதல் இயற்கைத் தலையீட்டு விதி நடப்பில் உள்ளது. அங்கே நகராட்சிகள் முன்கூட்டியே சீரமைப்பைச் செய்து ஒரு கணக்கில் சேமித்து வைத்து, பின்னர் கட்டுமானம் வரும்போது எடுத்துச் செலவழிக்கின்றன. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானங்கள் தாம் அழிக்கும் வாழிட மதிப்பைவிட 10 விழுக்காடு கூடுதலாகத் திருப்பித் தந்து, அதை 30 ஆண்டு பராமரிக்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி மாவட்டம் 1980-இல் வேறொரு வழியைத் தேர்ந்தது: ஏறத்தாழ 93,000 ஏக்கர் விளைநிலப் பகுதியில் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று கட்டுப்படுத்தியது, கைவிட்ட கட்டுமான உரிமையை ஐந்து ஏக்கருக்கு ஓர் அலகு வீதம் நகர்ப்பகுதிக் கட்டுநர்களுக்கு விற்க உழவர்களுக்கு வழி செய்தது. டெல்டாவின் நிலைமைக்கு மிக நெருக்கமானது இந்தக் கடைசி முறைதான் என்பது என் கருத்து. விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருப்பவருக்கு நகரத்தின் வளர்ச்சியிலிருந்து ஒரு பங்கு கிடைப்பது நியாயம்.

இவை எல்லாமே சட்டம் கட்டாயப்படுத்துவதால் இயங்குபவை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் ஒரு தீர்ப்பில், பாதுகாப்புக்குரிய சதுப்பு நிலம் எது என்ற வரையறையைச் சுருக்கியதும், ஈடு வாங்க வேண்டிய தேவையும் அந்த அளவுக்குச் சுருங்கியது. கட்டாயம் இல்லாத இடத்தில் வாங்குபவர் தாமாக வரமாட்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதல் படி: சட்டம் ஏற்கெனவே கேட்பதைத் தனியே எழுதுங்கள்

2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளையும், உலோக உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களையும் தடுக்கிறது. ஆனால் சாலை, துறைமுகம், குழாய்வழி, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற கட்டமைப்புப் பணிகளை அது தடுப்பதில்லை. மனைப்பிரிவுகளும் அதன் தடைப்பட்டியலில் இல்லை. நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவைப்படுகிறது. அந்த இசைவு நிபந்தனைகளோடு வரக்கூடியது என்பதால், ஊராட்சி தன் கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டிய இடம் அதுவே.

2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, அலையாத்திக் காடு அழிந்தால் குறைந்தது மூன்று மடங்கு பரப்பில் மீண்டும் நட வேண்டும். காட்டு நிலத்தை எடுத்தால் ஈட்டுக் காடு வளர்ப்பும், இழக்கும் காட்டின் பயன்களைப் பணமாக மதிப்பிட்டுக் கட்டும் நிகர தற்போதைய மதிப்புத் தொகையும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிதியில் 90 விழுக்காடு மாநிலத்துக்கும் 10 விழுக்காடு ஒன்றிய அரசுக்கும் போகிறது. ஒன்றிய அரசு 2023 அக்டோபரில் கொண்டுவந்த பசுமைக் கிரெடிட் விதிகளில் முதலில் செயல்வடிவம் பெற்றது, சீரழிந்த காட்டு நிலங்களிலும் தரிசுகளிலும் மரம் நடுவதே.

வயலின் நீர்த்தேக்கத்துக்கும் வடிகாலுக்கும் ஈடு கேட்கும் கட்டாயச் சந்தை இவற்றில் எதுவும் இல்லை. எனவே டெல்டாவில் இப்போது செய்யக்கூடியது, ஆட்சியரின் இசைவு நிபந்தனை, சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, கிராம சபைத் தீர்மானத்தோடு கூடிய ஒப்பந்தம் ஆகியவற்றின் வழியே ஈட்டைக் கொண்டுவருவதுதான். சட்டப்படி எப்படியும் செய்தாக வேண்டியதை ஈடு என்று இரண்டாம் முறை கணக்கில் காட்ட எவரையும் அனுமதிக்காதீர்கள். பத்து விழுக்காட்டுப் பூங்கா நிலம் ஈடாகாது. மேட்டூர் திறப்புக்கு முன் அரசு செலவில் நடக்கும் தூர்வாரலும் ஈடாகாது. அது மனை வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் வேலை.

இரண்டாம் படி: ஈட்டுக்கு முன் தவிர்ப்பு

ஈடு பேசுவதற்கு முன், சேதத்தைத் தவிர்க்க முடியுமா, குறைக்க முடியுமா, அதே இடத்தில் சீராக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். புல வரைபடத்தையும், ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரோடும், வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் ஊர் நீர்க்கட்டியோடும் நிலத்தை நடந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத கன்னி வாய்க்கால்கள் என்னும் சிறு கிளைகள் நீர்க்கட்டியின் நினைவில் இருக்கும்.

வடிகாலைக் குழாயாக்காமல் திறந்த நிலையிலேயே விடுவது, பொது இட ஒதுக்கீட்டை மண் கொட்டாமல் தாழ்வாக வைத்திருப்பது, மேட்டுத் திடலில் வீட்டையும் பள்ளத்தில் திறந்த வெளியையும் அமைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, பின்னால் ஈட்டு நிலம் தேடி அலையும் செலவைவிடக் குறைவு. ஊரணி, குளம், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. அவை ஊரின் பொதுச்சொத்து, அவற்றை எடுத்துக்கொண்டு ஈடு தருவதாகச் சொல்லும் ஒப்பந்தம் எதையும் ஏற்கக் கூடாது.

மூன்றாம் படி: இழப்பை அளத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஈடுகள் தவறிப்போகின்றன. அளக்க எளிதாக இருப்பதை, அதாவது மரங்களின் எண்ணிக்கையை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். டெல்டாவில் நீர்க் கணக்கு, உயிர்க் கணக்கு என்று இரண்டு ஏடுகளைத் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றின் மிச்சத்தை மற்றொன்றின் குறைக்கு வரவு வைக்கக் கூடாது.

முதலில் நீர்க் கணக்கு. வரப்பு கட்டிய நெல்வயல் பலத்த மழையில் 15 சென்டிமீட்டர் நீரைப் பிடித்து நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு ஏறத்தாழ 607 கன மீட்டர். பத்து ஏக்கருக்கு 6,070 கன மீட்டர், அதாவது சுமார் 60 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். இந்தக் கொள்ளளவை ஒரே குளத்தில் ஈடு செய்ய ஓர் ஏக்கர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். அந்த ஒன்றரை மீட்டரும் ஐப்பசி மழை தொடங்கும் நாளில் காலியாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆற்று நீர் வந்து புரட்டாசியிலேயே நிரம்பிவிடும் குளம், வெள்ளத்தை வாங்க இடமில்லாத குளம். வெட்டிய ஆழம் முழுவதையும் கணக்கில் சேர்க்காமல், வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் கரைவரை உள்ள இடைவெளியை மட்டும் சேருங்கள். வடிகாலின் குறுக்குப் பரப்பையும் அதே ஏட்டில் எழுதுங்கள்: முன்பு எத்தனை சதுர அடி, இனி எத்தனை சதுர அடி. 18 இருந்த இடத்தில் 3 என்று எழுத நேர்ந்தால், அந்த ஏடே ஆட்சேபணை மனுவாகிவிடும்.

அடுத்து உயிர்க் கணக்கு. இங்கிலாந்தின் கணக்கு முறை, வாழிடத்தின் பரப்பு, தனித்தன்மை, நிலை, இருப்பிட முக்கியத்துவம் ஆகியவற்றைப் பெருக்கி அலகு காண்கிறது. ஈட்டு இடம் தொலைவில் இருந்தாலும், சீரமைப்பு கடினமானதாக இருந்தாலும் அலகைக் குறைக்கிறது. ஊர் அளவில் இதை எளிமையாக்கி, தரத்துக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண் தரலாம். நத்தைகுத்தி நாரையும் கொக்கும் இறங்கி, தவளையும் நண்டும் நிறைந்து, சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விளைந்து, வாத்துக்கூட்டம் மேயும் வயலுக்கு 2 என்று வையுங்கள். பத்து ஏக்கருக்கு 20 அலகு. பத்து விழுக்காடு கூடுதலாகக் கேட்டால் 22. ஈட்டு இடமாகத் தூர்ந்துபோய் ஆகாயத்தாமரை மூடிய குளத்தைத் தேர்ந்து அதன் தரத்தை 1-இலிருந்து 3-க்கு உயர்த்தினால், ஏக்கருக்குக் கிடைக்கும் வரவு 2 மட்டுமே. அந்த உயர்வைத்தான் விற்க முடியும், குளத்தின் முழு மதிப்பையும் விற்க முடியாது. 22 அலகுக்கு 11 ஏக்கர் வேண்டும். ஏற்கெனவே நன்றாக இருக்கும் குளத்தைக் காட்டி அலகு விற்க வருபவரிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

வயலைச் சார்ந்திருந்த நடவுப் பெண்கள், குத்தகைதாரர், வாத்து மேய்ப்பவர் ஆகியோரின் இழப்பை இந்த இரண்டு ஏடுகளும் தொடவில்லை. அதை அலகாக்க முயல வேண்டாம் என்பேன். அது அலகு வாங்கித் தீர்க்கும் கணக்கு இல்லை. அவர்களோடு உட்கார்ந்து நேரடியாகப் பேசித் தீர்க்க வேண்டியது.

நான்காம் படி: ஈட்டு இடம்

இழப்பு எந்த வாய்க்காலில் நிகழ்கிறதோ, ஈடும் அதே வாய்க்காலில் இருக்க வேண்டும். அமெரிக்க வங்கிகளும் தம் அலகுகளைக் குறிப்பிட்ட நீர்ப்பிடிப்பு எல்லைக்குள்தான் பொதுவாக விற்க முடியும். வெட்டாற்றுப் பாசனத்தில் வயலை நிரப்பிவிட்டு, கொள்ளிடக் கரையில் குளம் வெட்டினால் வெட்டாற்று வயலில் நிற்கும் தண்ணீர் வடியாது. நீர்க் கணக்குக்கு ஒரே வடிகாலையும், உயிர்க் கணக்குக்குச் சற்று விரிந்த எல்லையாக ஒரே ஆற்றின் பாசனத்தையும் வைக்கலாம். திருவாரூர் மாவட்டத்தில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலயங்கள் இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டுமே பாசன ஏரிகள். அவற்றுக்கு வரும் பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களில். ஆகவே அப்பகுதியில் வயல் போனால், ஈடும் பறவை பறந்து எட்டும் தொலைவுக்குள் அமைய வேண்டும்.

கடலோரத்தில் ஈடு என்றதும் எல்லோரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் காட்டுவார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது கன்று நடுவதற்கு முந்தைய வேலையை. முற்காலத்தில் காட்டை மொட்டையாக வெட்டிய இடங்கள் தாழ்ந்து, உள்ளே வந்த அலைநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, மண் கடலைவிட உப்பாகிவிட்டது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவே ஒரு முதன்மை வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலைநீர் தினமும் வந்து போக, மண்ணின் உப்புக் கழுவப்பட்டு, வாய்க்கால் சரிவில் வைத்த வெண்கண்டல் விதைகள் வேர் பிடித்தன. இந்த வேலைக்கு வாய்க்காலைத் தொடர்ந்து தூர்வார வேண்டும். விட்டால் வண்டல் மூடிவிடும். நீரோட்டத்தைத் திருத்தாமல் எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று சொல்லும் ஈட்டுத் திட்டத்தைக் கண்டால், வாய்க்கால் வரைபடத்தைக் கேளுங்கள். மணல் தேரியிலும் உப்பளத்து ஓரத் திறந்த சேற்றுவெளியிலும் மரம் நட்டு ஈடு என்பதையும் ஏற்க வேண்டாம். கோடியக்கரைக்கு வலசை வரும் கரைப்பறவைகளுக்கு மரமற்ற அந்த வெளிதான் வாழிடம்.

ஐந்தாம் படி: உரிமையும் பத்திரமும்

30 ஆண்டு நிலைக்க வேண்டிய ஈடு, ஒருவர் மனம் மாறினால் மறையக் கூடாது. தனியார் நிலமானால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகை ஒரு வழி. இன்னொரு வழி நம் ஊர்ப் பத்திரங்களில் பழகிப்போன நீர்ப் பாத்தியதை, அதாவது ஒரு நிலத்துக்காக இன்னொருவர் நிலத்தில் நீரை விடும் உரிமை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, அத்தகைய உரிமை பயன்பெறும் ஒரு நிலத்தோடு சேர்ந்தே இருக்க முடியும். நிலமே இல்லாத ஓர் அமைப்பின் பெயரில் இயற்கையைக் காக்கும் உரிமை என்று தனியே எழுதினால் அது நிற்பது கடினம். ஆகவே அண்டை வயல்காரர்களின் நிலங்களுக்கு, ஈட்டு நிலத்தில் வெள்ளநீர் தேங்கவும் வடியவும் பாத்தியதை உண்டு என்று எழுதிப் பதிவு செய்வது வலுவானது. பதிவானால் வில்லங்கச் சான்றில் வரும். பின்னால் கிரயம் வாங்குபவர் தெரியாது என்று சொல்ல முடியாது. பத்திரம் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

டெல்டாவில் கோயில், மட நிலங்கள் ஏராளம். அறநிலையச் சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். நிலத்தில் சாகுபடி செய்யும் குத்தகைதாரரின் சம்மதமும் பங்கும் இல்லாமல் அங்கே எதையும் தொடங்காதீர்கள். ஏரி, குளமானால் பராமரிப்பு யாரிடம் என்று பாருங்கள்: 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். பொது நீர்நிலையில் செய்யும் சீரமைப்பால் பணம் கட்டியவருக்கு அந்த நீர்நிலையில் எந்த உரிமையும் வராது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

ஆறாம் படி: அலகின் விலையும் வெளியீடும்

விலையில் மண்வேலைச் செலவு, நிலத்தின் குத்தகை, பராமரிப்பு, அளவீடு, தோல்விக்கான ஒதுக்கீடு ஆகிய ஐந்தும் சேர வேண்டும். பெரும்பாலும் முதலாவதை மட்டும் கணக்கிட்டு மலிவாக விற்றுவிடுகிறார்கள். ஒரு குளத்தைக் காக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், பணவீக்கம் போக 4 விழுக்காடு வருவாய் தரும் வைப்புத்தொகையாக 25 லட்சம் தேவை. அது ஊராட்சியும் பாசனச் சங்கமும் கூட்டாகக் கையெழுத்திடும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

அலகுகளை ஒரே நாளில் விற்க விடக் கூடாது. பத்திரம் பதிவாகி வைப்புத்தொகை கட்டியபின் ஐந்தில் ஒரு பங்கு; மண்வேலை ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கியபின் இன்னொரு பங்கு; மிச்சத்தை மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் அளவீடு பார்த்து வெளியிடலாம். அமெரிக்க வங்கிகளும் இப்படிப் படிப்படியாகத்தான் அலகை விடுவிக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு இருந்தும், 2001-இல் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் குழு, சதுப்பு நிலத்தில் நிகர இழப்பு இல்லை என்ற குறிக்கோள் எட்டப்படவில்லை என்று அறிக்கை தந்தது. நம்மிடம் கண்காணிப்பு இன்னும் மெலிது என்பதால் ஒதுக்கீட்டைக் கூட்டியே வையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்த ஓர் இரவில் எத்தனை தென்னந்தோப்புகள் சாய்ந்தன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். விற்ற அலகுகள் அப்படி அழிந்தால் நிரப்புவதற்காக, ஐந்தில் ஒரு பங்கையாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

ஏழாம் படி: அளவீடும் ஏடும்

குளத்தின் ஆழமான இடத்தில் அடிக்கணக்கு வரைந்த கல் ஒன்றை நடுங்கள். ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை மாதங்களின் முதல் நாளில் அதன் அளவை எடுத்து, அதே நாளில் வடிகாலின் மேல்முனை, கீழ்முனை நீர்மட்டங்களையும் குறியுங்கள். வழக்கத்தைவிட மேல்முனை மட்டம் உயர்ந்தும் கீழ்முனை தாழ்ந்தும் இருந்தால் இடையே அடைப்பு உண்டு. தை, மாசியில் காலை வேளையில் பறவைகளை எண்ணுங்கள். அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் இதை விரும்பிச் செய்வார்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பதிவேடு பெட்டிக்குள் கிடந்தால் வெளியே எடுத்து, ஈட்டு நிலத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

நீர்மட்டம் எழுதும் பொறுப்பை நீர்க்கட்டிக்கே கொடுத்து, அதற்கு வைப்புத்தொகையின் வட்டியிலிருந்து மாதச் சம்பளம் தாருங்கள். ஏட்டைக் கிராம சபை கூடும் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த தவணை அலகை வெளியிடும் கையெழுத்து, அந்த வாசிப்பு முடிந்து, வடிகாலின் மேற்கே வயல் வைத்திருப்பவர்கள் ஆட்சேபணை இல்லை என்று சொன்ன பிறகே போடப்பட வேண்டும்.